தூக்குவதற்கு ஆறு பேர்

மனிதன் எப்படி வாழ்ந்தாலும் சரி, கடைசியில் அவனைத் தூக்க ஆறு பேர் வேண்டும். நாலு பேர் போதுமே என்பவர்கள் வில்லா மொஹாதாவைப் பார்த்ததில்லை. கல்லறைக்குப் போகிற பாதை முழுக்க மேடு. வெயிலோ டொமினிக்கன் நாட்டு வெயில். பெட்டி செய்வது மஹோகனி மரத்தில். நாலு பேர் தூக்கினால் மறுநாள் இன்னொரு பெட்டி செய்ய வேண்டி வரும்.

அந்த ஆறு பேரை வழங்கும் உரிமை ஊரில் ஒரே ஓர் அமைப்பிடம் இருந்தது. திருச்சிலுவைச் சகோதர சபை. எண்பது நாற்காலி, ஒரு நீலப் பந்தல், குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு ஒரு காப்பி அண்டா, கல்லறையில் மர நிழல் விழுகிற வரிசை, தோள் கொடுக்க ஆண்கள், ஒன்பது நாள் மாலையும் வீடு தேடி வந்து ஜெபமாலை சொல்லப் பெண்கள், எல்லாம் சபையுடையது. சபையில் பெயர் இருந்தால் மனிதன் கவலையில்லாமல் சாகலாம்.

தொன் தேயோவின் பெயர் அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

முழுப் பெயர் தேயோகிராசியா பெகேரோ. தொன் என்பது பெரியவர்களுக்கான மரியாதைச் சொல், பெண்களுக்குத் தோனியா. வயது எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற நில அளவையாளர். பெயருக்குக் 'கடவுளுக்கு நன்றி' என்று பொருள். அதில் அவருக்குப் பங்கில்லை, அம்மா வைத்தது. வட்டாரம் முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்தவர். அளக்க முடியாத எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஒருநாள் பிற்பகல், மளிகைக் கடை வாசலில் வாதுமை மரத்தடியில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தபோது, இந்த வருடத் திருவிழாவில் புனிதரின் சுரூபத்தை யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. தேயோ கட்டையை மேசையில் அறைந்தபடி, "அந்த மரப்பொம்மைய தூக்கற தோள வெச்சு ஆத்துக்கு ஒரு பாலம் கட்டியிருக்கலாம். அதுக்குள்ள சாமியும் இல்ல, பூதமும் இல்ல. கரையான் இருக்கு, நான் பார்த்தேன்," என்றார். ஆட்டத்தில் அவர் ஜெயித்தார். அடுத்த ஞாயிறு சபை அவரை நீக்கியது.

அப்போது அவர் கவலைப்படவில்லை. மூன்று மாதம் கழித்து மருத்துவர் அவருடைய இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் தேயோ விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்று பேர் தேறினார்கள். அதில் ஒருவருக்கு இடுப்பு வலி.

மனைவி நெரெய்தா போனபோது எல்லாம் குறையில்லாமல் நடந்தது. ஒரு குறை. ஒன்பது மாலையும் ஜெபமாலை. உயிரோடு இருந்தபோது ஜெபமாலைச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். அன்றைக்கு அவளால் சாத்த முடியவில்லை. தேயோவாலும் முடியவில்லை, வந்தவர்கள் நாற்காலியும் கொண்டுவந்திருந்தார்கள். தன் முறைக்காவது அப்படி நடக்கக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். ஆறு பேர் வேண்டும். ஒன்பது மாலை காப்பியும் டோமினோவும் வேண்டும். ஜெபமாலை வேண்டாம். மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

ஆகவே, கடவுளை நம்பாதவர்களையும் கடவுள் உண்டா என்று தெரியாதவர்களையும் ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் அமைப்பது என்ற வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கூட்டம், மருந்துக் கடையின் பின்னறையில், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கூடியது. கடைக்காரி தோனியா எர்மிந்தா நம்பாதவர். பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்க்கும் தூலியோ தெரியாதவர். இந்த இருவரும் பதினோரு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். அவர்களோடு முடிதிருத்துகிற ஒருவர், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் சகோதரர் இருவர். தேயோவோடு ஆறு பேர்.

"சங்கத்துப் பேருல முதல்ல நம்பாதவங்க வரணும்," என்றார் எர்மிந்தா. "தெரியாதுங்கறது ஒரு கொள்கையா? என் கடைக்கு வந்து என்ன நோவுன்னு கேட்டா தெரியாதும்பான், அவனுக்கு நான் என்னத்தக் குடுக்கறது?"

"தெரிஞ்ச மாதிரி நடிக்கறவங்களுக்கு மருந்து இருக்கா தோனியா?" என்றார் தூலியோ, சுவரைப் பார்த்து.

பெயர்த் தகராறு இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. 'ஆசி' தகராறு தீரவில்லை.

எங்கள் பக்கத்தில் இளையவர் மூத்தவரைப் பார்த்தால் "ஆசி" என்பார். மூத்தவர் "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்பார். பேருந்தில், சந்தையில், தொலைபேசியில், சண்டைக்கு நடுவில்கூட. பதில் சொல்லாமல் போவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். நம்பாதவர் என்ன பதில் சொல்வது?

"'நல்லா இரு'ன்னு சொல்லிட்டுப் போவோம்," என்றார் முடிதிருத்துகிறவர்.

"நீ சொன்னதும் நல்லாயிடுவானா? 'தண்ணிய காய்ச்சிக் குடி'ன்னு சொல்லு. அதுல ஆதாரம் இருக்கு," என்றார் எர்மிந்தா.

தூலியோ கண்ணை மூடி யோசித்து, "'கடவுள், இருந்தார்னா, ஆசீர்வதிக்கட்டும், அவருக்குச் சவுகரியப்பட்டா.' இதுல யாருக்கும் பொய் இல்ல," என்றார்.

"அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆசி கேட்ட புள்ள பள்ளிக்கூடம் முடிஞ்சு வீட்டுக்கு வந்துடும்," என்றார் எர்மிந்தா, மருந்துப் பெட்டிகளைப் பார்த்து.

கடைசியில் தேயோ முன்மொழிய, தீர்மானம் எண் ஒன்று நிறைவேறியது: உறுப்பினர்கள் 'நல்லா இரு' என்று மட்டுமே சொல்ல வேண்டும், எந்தச் சூழ்நிலையிலும் கடவுளை இழுக்கக் கூடாது, மீறுபவர் உறுப்பினர் தகுதியை இழப்பார். "எந்தச் சூழ்நிலையிலும்" என்ற சொற்களைச் சேர்த்தவரும் தேயோதான். அளவையாளர், எல்லைக் கல்லை ஆழமாக நடுவது அவர் வழக்கம்.

நாற்காலியும் பந்தலும் கல்லறை வரிசையும் வேண்டுமானால் சங்கம் நகராட்சியில் பதிவாக வேண்டும். பதிவு அதிகாரி லிசென்சியாதோ பிரெய்லின் உபியேரா. வயது இருபத்தொன்பது. லிசென்சியாதோ என்றால் பட்டதாரி. அந்தப் பட்டத்தைச் சொல்லி அழைக்காவிட்டால் அவருக்குக் காது கேட்காது. தேயோ போனபோது மின்சாரம் இல்லை. முத்திரை குத்த மின்சாரம் தேவையில்லை. ஆனால் அலுவலகத்துக்குத் தேவை. மின்சாரம் வரும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் லிசென்சியாதோ அப்போதுதான் அவரைக் கண்டவர்போல நிமிர்ந்தார்.

"தொன் தேயோ, விண்ணப்பம் அருமையா இருக்கு. ஏழாவது கட்டம் காலியா இருக்கு."

"அதுல என்ன கேட்டிருக்கு?"

"சங்கத்தோட காவல் புனிதர் பேரு."

"லிசென்சியாதோ, இது கடவுளை நம்பாதவங்க சங்கம்."

"அது மூணாவது கட்டத்துல இருக்கு, படிச்சேன். நான் கேக்கறது ஏழாவது கட்டம். மோட்டார் சைக்கிள் ஓட்டறவங்களுக்குப் புனித கிறிஸ்தோபர் இருக்கார். சேவல் சண்டைக் கழகத்துக்குப் புனித பேதுரு. சேவல் கூவறதுக்குள்ள இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை சொன்னவர், சேவல் விஷயத்துல முன் அனுபவம் உண்டு. உங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல."

"காலியா விட்டா மறந்துட்டீங்கன்னு ஆகும். மறதிய நான் பதிவு பண்ண முடியாது. இல்லைங்கறது உண்மைன்னா, ஒவ்வொரு உறுப்பினருக்கும் நம்பிக்கையின்மைச் சான்றிதழ் இணைக்கணும். விதி இருக்கு."

"அதை யார் குடுப்பாங்க?"

"நம்பிக்கை சம்பந்தமான பதிவேட்டை யார் வெச்சிருக்காங்களோ அவங்க." லிசென்சியாதோ ஜன்னல் வழியாகக் கோயில் கோபுரத்தைப் பேனாவால் சுட்டினார். "பாத்ரே."

பாதிரியார் அமான்சியோ நல்ல மனிதர். டோமினோவில் மட்டும் திருடுவார். தேயோ சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "தாராளமா. உங்க ஞானஸ்நானப் பதிவை அடிச்சு, 'விலகினார்'னு ஓரத்துல எழுதி, நகல் தர்றேன். எந்த வருஷம் பொறந்தீங்க?"

தேயோ சொன்னார். பாதிரியாரின் முகம் வாடியது. "அந்த வருஷப் புத்தகம் வெள்ளத்துல போச்சே. முப்பது வருஷத்துப் புத்தகத்த ஆறு கொண்டுபோயிடுச்சு."

"நல்லதாப் போச்சு பாத்ரே. உங்க பதிவேட்டுல என் பேரு இல்லைன்னு ஒரு கடுதாசி குடுங்க."

கொடுத்தார். தேயோ அதை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். லிசென்சியாதோ இரண்டு முறை படித்தார்.

"தொன் தேயோ, இதுல நீங்க பதிவேட்டுல இல்லைன்னு இருக்கு. நம்பலைன்னு இல்ல. பதிவேட்டுல இல்லாததுக்குக் காரணம் ஆறு. ஒரு ஆறு ஒருத்தரை நாத்திகராக்க முடியாது. அதுக்கு அதிகாரம் கிடையாது."

"நானே சொல்றேனே, நம்பலைன்னு."

"நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். அலுவலகம் நம்பாதே. பதிவு இருக்கணும், அது அடிபட்டிருக்கணும். அடிக்கப்படாத பதிவு நம்பிக்கை. பதிவே இல்லைன்னா வெள்ளம். நீங்க ஒரு நகல் ஞானஸ்நானம் வாங்கிட்டு வாங்க."

ஆறு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆறு பேரின் பதிவும் ஆற்றோடு போயிருந்தது. தேயோ மறுபடி பாதிரியாரிடம் போனார்.

"நம்பிக்கை இல்லாத பெரியவங்களுக்கு நான் கோயில்ல வெச்சுக் குடுக்க முடியாது தேயோ. நான் கேள்வி கேக்கணும், நீங்க 'நம்பறேன்'னு சொல்லணும். உங்க வாயால பொய் சொல்ல வெச்சா எனக்குப் பாவம், உங்களுக்கு அவமானம்." பாதிரியார் மோவாயைத் தடவினார். அந்த வருடம் பிஷப்புக்கு அனுப்ப வேண்டிய ஞானஸ்நான எண்ணிக்கை மிகவும் இளைத்திருந்ததையும் சொல்லிவிட வேண்டும். "ஆனா வீட்டுத் தண்ணி இருக்கே."

வீட்டுத் தண்ணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தை பிழைக்குமா என்ற அவசரத்தில் பாதிரியாருக்குக் காத்திராமல் வீட்டிலேயே யாராவது தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஊற்றியவர் ஞானப் பெற்றோர் ஆகிவிடுவார்.

"ஊத்தறவங்களுக்கு நம்பிக்கை வேணுமா?" என்று கேட்டார் தேயோ.

"அங்கதான் விசேஷம். முறைப்படி ஊத்தினா போதும். நம்பிக்கையில்லாதவர் ஊத்தினாலும் செல்லும்."

"ஊத்திக்கறவங்களுக்கு?"

"பச்சைப் புள்ளைகிட்ட யாரும் கேக்கறதில்ல. உங்களுக்குப் பொறந்தப்பவே ஊத்தியாச்சு, ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இது அந்தத் தண்ணியோட நகல்."

"அவசரம்னு எதைச் சொல்றது?"

"விண்ணப்பம் குடுக்கக் கடைசி நாள் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"இதைவிட என்ன அவசரம் வேணும்?"

வியாழக்கிழமை காலை மருந்துக் கடையின் பின்னறையில் நம்பாதவர்களும் தெரியாதவர்களும் ஒருவர் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் வராத வாரம். எர்மிந்தா ஊசி மருந்து கலக்கும் சுத்திகரித்த தண்ணீரைப் புட்டி உடைத்து ஊற்றினார். புனித நீரில் அவருக்கு நம்பிக்கையில்லை, கிருமியில் உண்டு. அவர் தேயோவுக்கு ஊற்றினார். தேயோ முடிதிருத்துகிறவருக்கு. முடிதிருத்துகிறவர் தூலியோவுக்கு. சகோதரர்கள் ஒருவருக்கொருவர். கடைசியில் எர்மிந்தாவுக்கு ஊற்ற மிஞ்சியிருந்தவர் தூலியோ மட்டும்.

"உங்களுக்கு இது பலிக்குமான்னு எனக்குத் தெரியாது," என்றார் தூலியோ, பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து.

"ஊத்துய்யா. கழுத்துக்குள்ள ஓடுது."

ஞானத் தந்தையோடு சண்டை போடுவது எங்கள் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நம்பிக்கையின்மை பதினோரு வருடத்தில் செய்ய முடியாததை அரைப் புட்டித் தண்ணீர் செய்தது. மறுநாள் எர்மிந்தா தூலியோவின் கடைக்குச் சூடாக வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமியும் கொடுத்தனுப்பினார்.

பாதிரியார் ஆறு பேரையும் புதிய புத்தகத்தில் பதிந்தார். மை காய்ந்ததும் ஆறு பேரையும் அடித்தார். லிசென்சியாதோ சான்றிதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இப்பத்தான் நீங்க முறையான நாத்திகர்," என்று கைகுலுக்கினார். ஏழாவது கட்டம் காலியாகவே முத்திரையிடப்பட்டது. பதிவுப் பத்திரத்தின் உச்சியில், நாட்டின் எல்லா அரசாங்கக் காகிதத்திலும் உள்ளதுபோல, 'கடவுள், தாயகம், சுதந்திரம்' என்று அச்சிட்டிருந்தது. அதை எப்படி மாட்டுவது என்று ஒரு கூட்டம் நடந்தது. எர்மிந்தா முதல் சொல்லின்மேல் காய்ச்சல் மாத்திரை நாள்காட்டியைத் தொங்கவிட்டார்.

அறுபது புது நாற்காலி வந்தது. பந்தல் வந்தது. கல்லறையில், வெயில் விழும் பக்கம்தான் என்றாலும், ஒரு வரிசை வந்தது. தேயோ அன்று மாலை தனியாக அந்த வரிசை வரை நடந்துபோய், கண்ணாலேயே அளந்து, தன் இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பினார். மூச்சு வாங்கியது. ஆனால் மனம் லேசாக இருந்தது.

முதலில் செத்தது அவர் அல்ல. லிசென்சியாதோவின் அம்மா.

அன்று பார்த்துச் சகோதர சபைத் தலைவரின் மாமனாரும் போயிருந்தார். எண்பது நாற்காலியும் ஆறு தோளும் அங்கே. லிசென்சியாதோ கழுத்துப் பட்டை கோணலாக மருந்துக் கடைக்கு வந்து நின்றார்.

"தொன் தேயோ. நாற்காலி வேணும். ஆறு பேர் வேணும்."

தேயோவுக்கு இரக்கம் வந்தது. கூடவே சங்கத்தின் ரப்பர் முத்திரையும் கைக்கு வந்தது. அது மேசைமேல்தான் இருந்தது. எடுத்தது தேயோவின் கை என்பதைத் தவிர அவருக்கே விளக்கம் தெரியவில்லை. "வருத்தமா இருக்கு லிசென்சியாதோ. ஆனா சங்கத்து நாற்காலி நம்பிக்கையின்மைச் சான்றிதழ் உள்ளவங்களுக்கு மட்டும்தான். ஏழாவது விதி. உங்க விதியைப் பார்த்துத்தான் நகல் எடுத்தோம்."

"அம்மா தினம் பூசைக்குப் போனவங்க."

"அப்ப பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள இயலாது."

லிசென்சியாதோ தலையசைத்தார். விதி என்றால் அவருக்குப் புரியும். கண்ணில் நீரோடு அவர் திரும்பும்போது, மூலையில் கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்திருந்த தூலியோ, "ஒரு நிமிஷம். உங்கம்மா இப்ப நம்பறாங்களா?" என்றார்.

"இப்பவா?"

"நம்பிக்கைங்கறது தெரியாத விஷயத்துக்குத்தான். அவங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். மேல ஒருத்தர் இருந்தா, நேர்ல பார்த்திருப்பாங்க. பார்த்ததுக்கப்புறம் என்ன நம்பறது? இல்லைன்னா, நம்பறதுக்கு ஆளே இல்ல. எப்படிப் பார்த்தாலும் நம்பறவங்க பட்டியல்ல அவங்க வர மாட்டாங்க."

வாழ்நாளில் தூலியோ எடுத்த முதல் முடிவு அது. படிவத்தில் 'தற்போதைய நம்பிக்கை: இல்லை. காரணம்: தெரிந்துவிட்டது' என்று எழுதப்பட்டது. முத்திரை விழுந்தது. நாத்திகர் நாற்காலிகளில் ஒன்பது மாலை ஜெபமாலை ஓடியது. சங்கத்தார் பின் வரிசையில் டோமினோ ஆடினார்கள், கட்டையை மெதுவாக வைத்து.

பெட்டியின் முன் இடது மூலை தேயோவின் தோளில். மருத்துவர் வேண்டாம் என்றிருந்தார், ஆனால் ஐந்து பேரால் தூக்க முடியாதே. மேடு ஏறி, இறக்கி, மண் தள்ளி எல்லோரும் கலைந்தபிறகு, லிசென்சியாதோ பிரெய்லின் உபியேரா குழி மேட்டருகே தனியாக நின்றார். கையெழுத்துப் போட எதுவும் இல்லாமல் அவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. தினமும் காலையில் அவர் ஆசி கேட்ட ஒரே ஆள் மண்ணுக்குள் போயாகிவிட்டது. தேயோ பக்கத்தில் போனதும் அவர் ஆறு வயதுக் குரலில், "ஆசி, தொன் தேயோ," என்றார்.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் மகனே," என்றார் தேயோ.

வாய் தானாகச் சொன்னது. எழுபது வருடப் பழக்கம். அதைக் கேட்டவர் ஒரே ஒருவர், அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அதன்பிறகு சங்கம் வளர்ந்த வேகத்தை அதன் எதிரிகளே பாராட்டினார்கள். நாற்காலி புதுசு. காப்பியில் இஞ்சி போட்டார்கள். ஞாயிறு காலை தூங்கலாம். ஊர்வலத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டியதில்லை. செத்த பிறகு வேண்டுமானால் ஜெபமாலைக்கும் தடையில்லை என்று ஒரு முன்னுதாரணமே இருந்தது. ஊர் கூட்டம் கூட்டமாக நம்பிக்கை இழந்தது. கோயில் படியில் தினமும் வரிசை. பாதிரியாருக்குப் பதிவுகளை அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கியது. எர்மிந்தா தைலம் கொடுத்தார். வருட முடிவில் சங்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். சகோதர சபையில் நாலு பேர், பாதிரியாரையும் சேர்த்து.

புதிதாகச் சேர்ந்தவர்களில் லிசென்சியாதோவும் ஒருவர். கூட்டக் குறிப்பு எழுத அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் ஏகமனதாகச் செயலாளர் ஆனார். எர்மிந்தாதான் அதுவரை எழுதிவந்தார். ஆனால் மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து அவர் கையெழுத்தும் அப்படியே ஆகியிருந்தது. செயலாளர் என்ற முறையில் லிசென்சியாதோ நகராட்சிக்குக் கடிதம் எழுதுவார். மறுநாள் அதிகாரி என்ற முறையில் அதைப் பிரித்து, 'விவரம் போதாது' என்று தனக்கே திருப்பி அனுப்புவார். இரண்டு பக்கமும் வேலை சுத்தம்.

ஆண்டுத் தகுதிச் சரிபார்ப்பில் முதல் பெயராக நிறுவனர் அழைக்கப்பட்டார். தேயோ சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

"தொன் தேயோ," என்றார் செயலாளர், "போன வருஷம் கல்லறையில நீங்க ஒருத்தருக்குக் கடவுள் பேரைச் சொல்லி ஆசி குடுத்திருக்கீங்க. தீர்மானம் எண் ஒண்ணு."

"யாருக்கு?"

"எனக்கு."

கூட்டத்தில் விசிறி ஆடுவது நின்றது.

"பிரெய்லின்," என்றார் தேயோ, பட்டத்தை மறந்து, "அன்னைக்கு உங்கம்மாவ பொதைச்ச நாள்."

"அதை மறப்பனா? அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அழுதேன். அதனாலதான் தேதி நேரத்தோட குறிச்சு வெச்சேன்." அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "சாட்சி நானே. வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

"சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"'எந்தச் சூழ்நிலையிலும்'னு இருக்கு. முன்மொழிஞ்சவர்..." செயலாளர் குறிப்பேட்டைப் புரட்டினார். "நீங்க."

தேயோ எர்மிந்தாவைப் பார்த்தார். ஞானத் தாய் மகனுக்கு எதிராகக் கை தூக்கக் கூடாது. எர்மிந்தா கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். தூலியோவின் கை பாதி உயரத்தில் நின்றது. பாதியும் எண்ணப்பட்டது.

உத்தரவு வீட்டுக்கு வந்தது. 'மேற்படி நபர் கடவுள் நம்பிக்கை உடையவர் என்பதைச் சங்கம் ஐயத்திற்கு இடமின்றி உறுதி செய்து, அவரை நீக்கி ஆணையிடுகிறது.' கீழே முத்திரை. மேலே 'கடவுள், தாயகம், சுதந்திரம்.' தேயோ அதை மடித்துச் சட்டைப் பையில், இதயத்துக்கு மேலே வைத்துக்கொண்டார். மறுபடி விரல் விட்டு எண்ணினார். இந்தத் தடவை இடுப்பு வலிக்காரரும் தேறவில்லை.

வாதுமை மரத்தடியில் பாதிரியார் கட்டைகளைக் கலைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். தேயோ எதிரே அமர்ந்தார். ஏழு ஏழு கட்டையாக எடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கும் ஆள் இல்ல தேயோ," என்றார் பாதிரியார். "சபையில மொத்தம் நாலு பேர். ஆறுக்குக் குறைஞ்சா மறுபதிவு பண்ணணுமாம். புதுச் சுற்றறிக்கை வந்திருக்கு. ஏழாவது கட்டத்துல புனிதர் பேரு எழுதினா, சபைத் தலைவர் நிஜமாவே நம்பறார்னு சான்றிதழ் வேணுமாம்."

"அதை யார் குடுக்கறது?"

"நம்பிக்கை சம்பந்தமான பதிவேட்டை யார் வெச்சிருக்காங்களோ அவங்க. இப்ப அது உங்க சங்கம். போய்க் கேட்டேன். 'உங்க பேரு எங்க பட்டியல்ல இல்லதான் பாத்ரே, ஆனா அதனால நம்பறீங்கன்னு ஆகாது, சேர நேரமில்லாமக்கூட இருக்கலாம்'ங்கறார் லிசென்சியாதோ. சேர்ந்துட்டு நீங்கினா சான்றிதழ் தருவாங்களாம்."

"சேர்ந்தீங்களா?"

"விண்ணப்பம் குடுத்திருக்கேன். என் ஞானஸ்நானப் பதிவை அடிச்சுட்டு வரச் சொல்றாங்க. அடிக்க வேண்டியது நான்." பாதிரியார் ஒரு கட்டையை வைத்தார். "உங்க சட்டைப் பைக்குள்ள என்ன காகிதம்?"

தேயோ எடுத்துக் காட்டினார். பாதிரியார் படித்தார். எழுந்து நின்று மறுபடி படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தேயோ, இந்த ஊர்லயே முத்திரை போட்ட நம்பிக்கையாளர் நீங்க ஒருத்தர்தான்."

"பாத்ரே, நான் நம்பலை."

"நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். அலுவலகம் நம்பாதே. சபைக்குத் தலைவரா வாங்க. எண்பது நாற்காலி சும்மா கிடக்கு. மர நிழல் வரிசை முழுக்கக் காலி."

தேயோ தன் கட்டை ஒன்றை வைத்தார். "ஜெபமாலை?"

"சாதாரண உறுப்பினருக்கு ஒன்பது நாள். தலைவருக்குப் பதினெட்டு."

"ஆள் எத்தனை?"

"நாங்க நாலு. நீங்க அஞ்சு. ஆறாவது ஆள் ஒருத்தர் ரகசியமா ஒத்துக்கிட்டார். பேரு சொல்ல வேண்டாம்னார்."

"என்னைத் தூக்கறப்ப நான் அந்த ஆறுல வர மாட்டேனே. அஞ்சுதானே இருக்கும்."

"அதுவரைக்கும் உயிரோட இருங்க," என்றார் பாதிரியார். சொல்லிக்கொண்டே ஒரு கட்டையை மாற்றினார். தேயோ பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

மறுநாள் நகராட்சியில் மின்சாரம் இருந்தது. லிசென்சியாதோ விண்ணப்பத்தை வாங்கி, ஏழாவது கட்டத்தைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டார். இணைப்பாக வந்திருந்த நீக்க உத்தரவைச் சரிபார்த்தார். தன் கையெழுத்தைத் தானே உண்மை என்று சான்றளித்தார். உறுப்பினர் பட்டியலில் ஆறாவது பெயருக்கு எதிரே அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. தேயோ எட்டிப் பார்த்தார். பிரெய்லின் உபியேரா.

"நீங்க அந்தச் சங்கத்துச் செயலாளராச்சே?"

"அது மேல் இழுப்பறை. இது கீழ் இழுப்பறை," என்றார் லிசென்சியாதோ தணிந்த குரலில். "என்னையும் ஒருநாள் தூக்கணும்ல தொன் தேயோ. அங்க நானூறு பேர் இருக்காங்க. எல்லாரும் பின் வரிசையில டோமினோ ஆடறவங்க."

முத்திரை விழுந்தது. அவர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேசைமேல் குனிந்து, "ஆசி, தொன் தேயோ," என்றார்.

தேயோ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வாயால போதுமா லிசென்சியாதோ, எழுத்துல வேணுமா?"

லிசென்சியாதோ ஒரு நிமிடம் நியாயமாக யோசித்தார்.

"எழுத்துலயே குடுங்க," என்றார். "ரெண்டு நகல்."